முதியோர் கல்வியும் ஆசிரியர் பயிற்சியும்



நெய்யாற்று அணையின் அருகே கள்ளிக்காடு என்னும் ஊர் உள்ளது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலூகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது, கள்ளிக்காட்டையும் பாறசாலையையும் உள்ளிட்ட நெய்யாற்றின்கரைத் தாலூகா கேரளத்திலேயே நின்றது. எல்லை வகுக்கப்பட்ட பின்னரும் இவ்வட்டாரத்தில் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கிவருகின்றன. இத்தகைய பகுதியில் வயது வந்தோர்க்குக் கல்வி புகட்டியவர்கள் எவ்வாறு பயிற்றுவிக்கப்பட்டனர் என்பதை இன்று ஆராய்வோம்.

பழைய திருவிதாங்கூரில், 1817ஆம் ஆண்டு, ராணி கௌரி பார்வதி பாய் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டுமென்று ஆணை பிறப்பித்தார். பள்ளிக்கு இரண்டு ஆசிரியர். ஒருவர் மலையாளம் அறிந்தவர், மற்றவர் தமிழும் கணக்கும் வல்லவர் என்பது அக்காலத்து ஏற்பாடு. கற்பிப்பவருடைய தகுதியை முன்னரே வரையறுத்த அம்முறை பாராட்டத்தக்கது. எனினும் அது சிறுவர்க்கான ஏற்பாடே. பாடுபட்டு உழைக்கும் முதியவரை அக்காலத்தில் எவரும் கருதவில்லை.

அக்குறையை நீக்க முயன்றவர்களுள் ஸ்பென்சர் ஹாட்ச் குறிப்பிடத்தக்கவர். பாறசாலைக்கு அண்மையிலுள்ள மார்த்தாண்டத்தில், 1920களில், வை.எம்.சி.ஏ. சார்பில் அவர் கிராமப் புனரமைப்பு நிலையம் ஒன்றை நடத்தினார். தேனீ வளர்ப்பு, கோழி வளர்ப்பு, சுகாதாரம் முதலியவை அங்கே செயல்முறையில் கற்பிக்கப்பட்டன. கிராம ஊழியர்க்கும் அங்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. தேன்கூட்டைத் தம் கையால் திறந்து காட்ட இயலாதவர், தேனீ வளர்ப்பைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுவதால் விளையும் பயன் யாது? தொழிலாளியும் உழவனும் ஆசிரியரின் சொல்லை நம்புவதற்கு முன்னர் அவருடைய கையைப் பார்க்கிறார்கள்.

பின்னர் 1945ஆம் ஆண்டு, பி. என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 நூலகங்களை ஒன்றிணைத்துத் திருவிதாங்கூர் கிரந்தசாலைச் சங்கத்தைத் தொடங்கினார். எழுத்தறிந்தவர் அதனை மறவாதிருக்க ஊர்தோறும் நூலகம் வேண்டும் என்பதை அவ்வியக்கம் உணர்த்தியது. 1975இல் அதற்கு யுனெஸ்கோவின் குருப்ஸ்காயா பரிசு கிட்டியது.

1978ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் மத்திய அரசு தேசிய முதியோர் கல்வித் திட்டத்தைத் தொடங்கிற்று. ஓராசிரியருக்குச் சுமார் முப்பது மாணவர். மதிப்பூதியம் மாதம் 50 ரூபாய். நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் கற்பிப்போரின் பயிற்சி போதவில்லை என்ற குறை திரும்பத் திரும்பக் கூறப்பட்டது. பகலெல்லாம் ரப்பர்த் தோட்டத்தில் உழைத்து வருபவரை, எழுத்துத் தவறியதற்காகச் சிறுவனைப் போல் அதட்டினால், மறுநாள் அவர் வாரார். முதியவரை ஆசிரியரே விரட்டிவிடக் கூடும் என்பதே இதன் பாடம்.

அப்பாடத்தை எர்ணாகுளம் மாவட்டம் கருத்திற் கொண்டது. 1989இல் அங்கே நடந்த இயக்கத்தில் ஆயிரக்கணக்கான தொண்டர்கள் கற்பித்தனர். தலைமைப் பயிற்சியாளர் சிலர் அடுத்த நிலையினரைப் பயிற்றுவிக்க, அவர் தொண்டரைப் பயிற்றுவித்தனர். 1990 பிப்ரவரியில் அம்மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. 1991ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள், கோழிக்கோட்டில், அண்மையில் எழுத்தறிந்த சேலக்கோடன் ஆயிஷா என்னும் அம்மையார் கேரளம் முழுமைக்கும் அவ்வறிவிப்பைச் செய்தார். பின்னர், நான்காம், ஏழாம், பத்தாம் வகுப்புகளுக்கு இணையான தேர்வுகளும் முதியோர்க்கு ஏற்பட்டன. 2018இல் 96 வயதுக் கார்த்தியாயினி அம்மாள் எழுத்தறிவுத் தேர்வில் 98 மதிப்பெண் பெற்றது நாடறிந்த செய்தி.

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? முதியோர் கல்வியின் தரம் கட்டிடத்திலோ புத்தகத்திலோ மட்டும் இல்லை. கற்பவரின் தாய்மொழியை அறிந்து, அவருடைய தொழிலை மதித்து, அவருடைய களைப்பை உணர்ந்து நடக்கப் பயின்ற ஆசிரியரிடமே அது பெரிதும் உள்ளது. கள்ளிக்காடு போன்ற எல்லையூர்களில் இரு மொழியும் அறிந்தவரே இப்பணிக்கு ஏற்றவர்.

பம்பாயிலும் தில்லியிலும் பெங்களூரிலும் மாலை வேளைகளில் தமிழ் வகுப்பு நடத்தும் அன்பர்கள் இதனைச் சிந்திப்பது நலம். தமிழ் அறிந்தவரெல்லாம் தமிழ் கற்பிக்க வல்லவர் அல்லர். வகுப்பைத் தொடங்குமுன் ஆசிரியருக்குச் சில வாரங்களேனும் பயிற்சி அளிப்போம். நம்மை நாடிவரும் முதியவர் வெறுங்கையுடன் திரும்பாதிருக்க அதுவே வழி.