முகவரியும் முடங்கலும்

பேராக் மாநில இரப்பர்த் தோட்டங்களில் தமிழகத்துக் கடிதம் தோட்ட அலுவலகத்தைச் சேரும். அங்கிருந்தே உரியவர் கையைச் சென்றடையும். உறையின் மேல் தோட்டத்தின் பெயரும் ஆளின் பெயரும் வேண்டும். இம்முறையை அறிந்தோர்க்குக் கணினி வலையமைப்பின் தொடக்க நூல் எளிதில் விளங்கும். இணைய முகவரியின் ஒரு பகுதி வலையமைப்பையும் மறுபகுதி அதனுள் இருக்கும் கணினியையும் சுட்டும். திசைவி என்னும் கருவி, அஞ்சலகம் போல, செய்தியை வழிபார்த்து அனுப்பும்.

முகவரியினும் முதன்மையானது உடன்பாடு. வெவ்வேறு கணினிகள் ஒரே நெறிமுறையை ஏற்றாலன்றி உரையாட இயலா. அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் 1983 சனவரி 1ஆம் நாள் பொது நெறிமுறைக்கு மாறியதே இன்றைய இணையத்திற்கு அடிகோலிற்று.

1990களில் மலேசியாவில் இணையம் பரவியது; கணினிகள் இணைந்தும் தமிழ் இணையவில்லை. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனத் தனிக் குறியீடு கொண்டிருந்தது. ஈப்போவில் தட்டச்சிட்ட மடல், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். முடங்கல் வந்தும் படிக்க இயலாத நிலை அது.

சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமியும், முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய மலேசியாவின் முத்து நெடுமாறனும் இத்துறையில் முன்னின்று உழைத்தனர். 1997இல் சிங்கப்பூரிலும், 1999இல் சென்னையிலும், 2001இல் கோலாலம்பூரிலும் அறிஞர் கூடி ஆராய்ந்தனர். 2000இல் உத்தமம் அமைப்பு தோன்றியது. பின்னர் ஒருங்குறி பொதுக் குறியீடாக நிலைபெற்றது.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். முகவரிகள் மாறின. ஆயினும் தொடக்க நூலின் முதற்பாடம் மாறவில்லை: வழி மட்டும் போதாது, அனுப்புவோர்க்கும் பெறுவோர்க்கும் இடையே இசைவு வேண்டும். மாணவர்க்கு முதலில் கற்பிக்கத்தக்கது இதுவே.