அச்சேறிய முதல் அடியார் சரிதம்

அடியார் வரலாறு என்றதும் நம்மவர் நெஞ்சில் சேக்கிழார் பெருமானே எழுந்தருளுவார். அதுவே முறை. ஆயினும் தமிழில் அச்சேறிய முதல் அடியார் சரிதத்தில் நாயன்மார் ஒருவரேனும் இல்லை. அது கிறித்தவப் புனிதர்களின் சரிதம். 1586இல் அச்சாயிற்று. எழுதியவர் போர்த்துக்கேய இயேசு சபைத் துறவியான என்றிக்கே என்றிக்கசு. நம் முன்னோர் நாவில் அவர் பெயர் 'அண்டிறிக்கிப் பாதிரியார்' என்றாயிற்று.

1547 தொடக்கம் 1600இல் மறையும் வரை அவர் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே வாழ்ந்தார். 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றியதும் பரதவர் பலர் அங்கு குடியேற, அவரும் சில காலம் மன்னாரில் இருந்தார். அவருக்கு முன் வந்த சவேரியார் பிறர் துணையால் செபங்களைத் தமிழாக்கி மனனஞ் செய்வித்தார். என்றிக்கேயோ இலக்கணம் எழுதுமளவுக்குத் தமிழ் பயின்றார். அச்சு வேலைக்கான பணத்தைத் திரட்டியவர்கள் பரதவர்களே. 1578இல் கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கச் சிறுநூல். எட்டே ஆண்டுகளில் அறுநூறு பக்கங்களைத் தாண்டிய புனிதர் சரிதம் வந்துவிட்டது! சவேரியாரின் கதை அதில் இல்லை. அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது 1622இல்தான்.

'புனிதர்களின் மலர்' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரில் ஐரோப்பாவில் வழங்கிய நூல்வகையைச் சேர்ந்தது இது. திருநாள்களின் ஒழுங்கில் கதைகள் செல்லும். எழுத்துக்களில் புள்ளியில்லை. போர்த்துக்கேயச் சொற்கள் தமிழுருவில் இடையிடையே வரும். நடை கடற்கரைப் பேச்சையொட்டியது. நன்னூல் கற்ற மாணவன் பக்கத்துக்குப் பத்துப் பிழை காட்டக்கூடும். ஆனால் பிழையென்று அவன் சுட்டுவனவே அக்காலப் பேச்சுத் தமிழுக்குச் சான்று என்பேன்.

நாவலர் பெருமானின் பெரியபுராண வசனம் 1852இல் வெளிவந்தது. இரண்டுக்கும் இடையே 266 ஆண்டுகள். இதைச் சொன்னால் நாவலரைக் குறைத்துவிட்டதாக நம்மிற் சிலர் முகஞ் சுளிப்பர். அது தேவையில்லை. செப்பமான வசனநடைக்கு நாவலரே ஆசான். அடியார் கதையை உரைநடையிற் சொல்லும் வழக்கமும் பாதிரியாரால் வந்ததன்று. அவருக்கு முன்னரே வைணவர் 'ஆறாயிரப்படி குருபரம்பரா பிரபாவம்' கண்டிருந்தனர். எனினும் ஓலையில் ஆசாரியரிடம் பாடங் கேட்டவர்களுக்கு உரியதாயிருந்த சரிதம், காகிதத்தில் மீனவக் குடும்பத்தின் கைக்கு வந்தது இவரால்தான். இலக்கிய வரலாறு கற்பிப்போர் இதை ஒரு வரியிற் கடந்துபோவது எனக்கு உடன்பாடன்று.

நூல் பின்னர் நம் கரையில் மறைந்துபோயிற்று. வத்திக்கான் நூலகத்தில் ஒரு பிரதி தங்கியிருந்தது. ஐரோப்பிய நூலகங்களில் உறங்கிய இத்தகைய பழந்தமிழ் நூல்களைத் தேடிச்சென்று 1950களில் அறிமுகஞ் செய்தவர் நமது கரம்பொன் ஈன்ற தனிநாயகம் அடிகள். 1967இல் இயேசு சபைத் தமிழறிஞர் இராசமாணிக்கம் அடிகள் அதைத் தூத்துக்குடியில் மீண்டும் பதிப்பித்தார். அப்பதிப்பின் பெயர், 'அடியார் வரலாறு'.