டட்லி சேனநாயக்க: பதவி துறந்த பிரதமர்

டட்லி சேனநாயக்கவைப் பற்றிக் கேட்டால், எனக்கு மூத்த பத்திரிகையாளர்கள் முதலில் சொல்வது "நல்ல மனுஷன்" என்பதுதான். அந்த நல்ல மனத்தால் தமிழருக்குக் கிடைத்தது என்ன என்ற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு.

1952 மார்ச்சில் காலிமுகத் திடலில் குதிரையிலிருந்து விழுந்த டி.எஸ். சேனநாயக்க மறுநாள் காலமானார். மூத்தவரான சேர் ஜோன் கொத்தலாவலையை விடுத்து, விவசாய அமைச்சராக இருந்த 40 வயது மகனையே மகாதேசாதிபதி சோல்பரி பிரபு அழைத்தார். மே மாதத் தேர்தலிலும் டட்லி வென்றார்.

மறு ஆண்டு கூப்பன் அரிசி விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தது. மானியத்தை வெட்டியவர் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜெயவர்த்தன, பழி பிரதமர் மீது விழுந்தது. 1953 ஓகஸ்ட் 12ஆம் திகதி இடதுசாரிகள் அழைத்த ஹர்த்தாலில் நாடு முடங்கியது. கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் அமைச்சரவை கூடியது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. உடல்நலமும் குன்றிய டட்லி ஒக்டோபரில் பதவி விலகினார். தெருவில் சிந்திய இரத்தத்துக்காகப் பதவியைத் துறந்தவர்கள் நம் நாட்டில் அரிது.

1960இல் சில மாதங்களே பிரதமராக இருந்தார். தமிழரசுக் கட்சியின் கோரிக்கைகளை ஏற்க மறுத்ததால், அக்கட்சியும் எதிர்த்து வாக்களிக்க, சிம்மாசனப் பிரசங்கத்தில் தோற்றார்.

1965 மார்ச் 24ஆம் திகதி அதே கட்சியின் தலைவர் செல்வநாயகத்துடன் உடன்படிக்கையில் ஒப்பமிட்டார். வடக்கு, கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி, மாவட்ட சபைகள், குடியேற்றக் காணிகளில் முன்னுரிமை என்பன அதன் சாரம். மொழிக்கான ஒழுங்குவிதிகள் 1966 ஜனவரியில் கடும் எதிர்ப்புக்கிடையே நிறைவேறின. அன்று பொலிஸார் சுட்டதில் ஒரு பிக்கு இறந்தார். ஆனாலும் டட்லி பின்வாங்கவில்லை. இதை நாம் அவருக்கு வரவு வைக்க வேண்டும்.

மாவட்ட சபைகளின் கதை வேறு. 1968இல் வெள்ளை அறிக்கை வந்தது. எதிர்க்கட்சிகளோடு சொந்தக் கட்சியினரும் முணுமுணுத்தனர். டட்லி அதைக் கைவிட்டார். ஹர்த்தாலுக்காகப் பதவியை விட்டவர், தாம் வைத்த ஒப்பத்துக்காக அதைப் பணயம் வைக்கவில்லை. உள்ளூராட்சி அமைச்சராக இருந்த மு. திருச்செல்வம் அதே ஆண்டு விலகினார்.

1973 ஏப்ரல் 13ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டை ஒட்டி டட்லி மறைந்தபோது கொழும்பில் மக்கள் வெள்ளம் திரண்டது. அவரோடு ஒப்பமிட்ட செல்வநாயகம், மூன்று ஆண்டுகளின் பின் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானத்துக்குத் தலைமை தாங்கினார்.