ஸ்டாட்டின் மருந்துகளும் நோயெதிர்ப்புச் செல்களும்

ரத்தத்தில் கொலஸ்ட்ராலைக் குறைப்பதற்காகத் தரப்படும் ஸ்டாட்டின் மருந்துகள், இதயத் தமனிகளின் சுவரில் குடியேறும் வெள்ளணுக்களின் போக்கையும் மாற்றுகின்றன. கல்லீரலைக் குறிவைத்து உருவான மாத்திரைக்கு இப்படி ஒரு வேலையும் உண்டு என்பது தெரியவர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1913-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிக்கொலாய் அனிச்கோவ், சூரியகாந்தி எண்ணெயில் கரைத்த கொலஸ்ட்ராலை முயல்களுக்கு ஊட்டினார். அவற்றின் தமனிச் சுவர்கள் தடித்தன. நுண்ணோக்கியில் பார்த்தபோது, கொழுப்புத் துளிகளால் உப்பிய செல்கள் அங்கே அடர்ந்திருந்தன. நுரை திரண்டதுபோல் இருக்கும் இந்த ‘நுரை செல்’களில் பெரும்பாலானவை பெருவிழுங்கிகள் என்னும் நோயெதிர்ப்புச் செல்களே. சுவருக்குள் புகுந்து சிதையும், கொலஸ்ட்ராலைச் சுமக்கும் எல்.டி.எல். கொழுப்பை அப்புறப்படுத்த வரும் பெருவிழுங்கி, விழுங்கியதைச் செரிக்க முடியாமல் அங்கேயே தங்கி, மேலும் வெள்ளணுக்களை அழைக்கிறது. கூடவே டி செல்கள் என்னும் வெள்ளணுக்களும் வருகின்றன. அவை சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்னும் சைகைப் பொருள், கொழுப்புப் படிவைப் போர்த்தியிருக்கும் கொலாஜன் மூடியை மெலியச் செய்கிறது. மூடி கிழிந்தால் ரத்தம் உறைந்து தமனியை அடைக்கும். மாரடைப்புகளில் பல இப்படித்தான் நேர்கின்றன.

டோக்கியோவில் சாங்க்யோ நிறுவனத்தில் பணியாற்றிய அகிரா எண்டோ, 1971-இல் பூஞ்சைகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தொடங்கினார். ஏறத்தாழ 6,000 வகைகளைப் பார்த்தபின், அரிசியில் வளர்ந்த பெனிசிலியம் சிட்ரினம் என்ற பூஞ்சையிலிருந்து 1973-இல் காம்பாக்டின் கிடைத்தது. கொலஸ்ட்ரால் உற்பத்திப் பாதையின் தொடக்கத்தில் மெவலோனேட்டை உண்டாக்கும் நொதியை அது தடுத்தது. அதே வகையைச் சேர்ந்த லோவாஸ்டாட்டினுக்கு 1987-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. 1994-இல் ஸ்காண்டிநேவிய நாடுகளின் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் சிம்வாஸ்டாட்டின் மரணங்களை 30 விழுக்காடு குறைத்தது.

அடுத்த ஆண்டே எதிர்பாராத திசையிலிருந்து ஒரு செய்தி வந்தது. லாஸ் ஏஞ்சலிசில் மாற்று இதயம் பெற்ற 97 பேரில் ஒரு பகுதியினருக்குப் பிரவாஸ்டாட்டின் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டுக்குப் பின் மருந்து பெற்றவர்களில் 94 விழுக்காட்டினரும் மற்றவர்களில் 78 விழுக்காட்டினரும் உயிரோடு இருந்தனர். உடல் புதிய இதயத்தைக் கடுமையாக நிராகரிப்பதும் குறைந்திருந்தது. நிராகரிப்பு என்பது நோயெதிர்ப்புச் செல்களின் வேலை. அதில் கொலஸ்ட்ரால் மாத்திரைக்கு என்ன பங்கு?

இதற்கு முக்கியமான விடை 2000-இல் ஜெனீவாவிலிருந்து வந்தது. டி செல்களைத் தூண்டிவிட எதிரியின் துணுக்கைத் தாங்கிக் காட்டும் புரதம் ஒன்று உண்டு. இன்டர்ஃபெரான் காமா பட்டதும் பெருவிழுங்கி போன்ற செல்கள் அதைத் தம் மேற்பரப்பில் ஏந்தும். பிரான்சுவா மாக் குழுவினர் ஸ்டாட்டினைச் சேர்த்தபோது அந்தப் புரதம் குறைந்தது. பிறகு அதே செல்களுக்கு மெவலோனேட்டைச் சேர்த்துக் கொடுத்தார்கள். ஸ்டாட்டினின் விளைவு மறைந்தது. இந்த எளிய சோதனையே இத்துறையின் அழகான சான்று என்று சொல்ல வேண்டும். மெவலோனேட்டிலிருந்து கொலஸ்ட்ரால் மட்டும் பிறப்பதில்லை. செல்லுக்குள் சைகை கடத்தும் ரோ, ராஸ் புரதங்களைச் சவ்வோடு பிணைக்கும் கொழுப்பு வால்களும் அதிலிருந்தே பிறக்கின்றன; மெவலோனேட் தடைபட்டால் இவையும் குறைகின்றன. 2001-இல் வேறொரு வழியும் தெரிந்தது: சில ஸ்டாட்டின்கள், வெள்ளணு ஒட்டிக்கொள்ள உதவும் எல்.எஃப்.ஏ.-1 புரதத்தில் நேரடியாகவே பொருந்திக்கொள்கின்றன. அதே ஆண்டு, மூன்று மாதம் பிரவாஸ்டாட்டின் எடுத்தவர்களின் கழுத்துத் தமனியிலிருந்து வெட்டியெடுத்த படிவுகளில் பெருவிழுங்கிகளும் டி செல்களும் குறைவாகவும் கொலாஜன் கூடுதலாகவும் காணப்பட்டன.

ஆனாலும் ஆய்வுக்கூடத் தட்டுகளில் ஊற்றும் அளவு, மாத்திரை விழுங்கியவரின் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல சமயம் மிக அதிகம். மனிதர்களிடம் நடந்த சோதனையும் ஐயத்தைத் தீர்க்கவில்லை. 2008-இல் வெளியான ஜூபிட்டர் ஆய்வில், எல்.டி.எல். மிகாமல் அழற்சிக் குறியீடான சி.ஆர்.பி. மட்டும் உயர்ந்திருந்த 17,802 பேரைச் சேர்த்தார்கள். ரோசுவாஸ்டாட்டின் பெற்றவர்களிடம் இதயப் பாதிப்புகள் 44 விழுக்காடு குறைந்தன. எனினும் எல்.டி.எல்.லும் பாதியாகச் சரிந்ததால், பலன் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணித்தாலும் மாரடைப்பு குறையும் என்பதை 2017-இல் கேன்டோஸ் ஆய்வு காட்டியது; அதில் பயன்பட்ட கனகினுமாப் ஸ்டாட்டின் அல்ல.

மரபுவழியாகக் கொலஸ்ட்ரால் மிகுந்தவர்களின் வெள்ளணுக்கள் சிறு தூண்டுதலுக்கும் சீறும் இயல்புடையவை. 2019-இல் வெளியான ஆய்வில், மூன்று மாத ஸ்டாட்டின் சிகிச்சைக்குப் பின் அவர்களின் எல்.டி.எல். இறங்கியது, வெள்ளணுக்களின் சீற்றம் அடங்கவில்லை.