சக்கரமும் சௌகரியமும்

மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்து ஐயாயிரம் வருஷங்களுக்கு மேல் ஆகின்றன. அந்தச் சக்கரத்தின் மேல் முதுகெலும்பு நோகாமல் உட்காரக் கற்றுக்கொண்டு நூற்றைம்பது வருஷங்கள்கூட ஆகவில்லை. இடைப்பட்ட காலமெல்லாம் என்ன செய்தான் என்று கேட்கிறீர்களா? பல்லைக் கடித்துக்கொண்டு பிரயாணம் செய்தான். வில் வைத்த கோச்சு வண்டிகள் பிற்காலத்தில் வந்தன, அவை பணக்காரர்களுக்கு. மற்றவர்களைப் பாதையில் கிடந்த கல் பாரபட்சமில்லாமல் தூக்கித் தூக்கிப் போட்டது.

இந்தத் துன்பம் உச்சத்தை அடைந்தது சைக்கிள் பிறந்தபோதுதான். 1860-களில் பாரிஸ் நகரில் மிஷோ குடும்பத்தார் பெடல் வைத்த இரு சக்கர வண்டியைச் செய்து விற்றார்கள். மரச் சக்கரம், அதற்கு இரும்புப் பட்டை. கருங்கல் பாவிய வீதியில் அதன் மேல் ஏறிப் போனவர்களின் கதியை ஆங்கிலேயர்கள் அதற்கு வைத்த பெயரே சொல்லிவிடும். ‘எலும்பு குலுக்கி’ என்று அதை அழைத்தார்கள்!

வண்டி குலுங்காமல் இருக்க வேண்டுமென்றால் முதல் வழி சக்கரத்தைப் பெரிதாக்குவது. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பாதையில் ஒரு சிறு பள்ளம் இருக்கிறது. சிறிய சக்கரம் அதற்குள் தலையை விட்டு இறங்குகிறது. பெரிய சக்கரமோ இரு கரைகளிலும் தோளை ஊன்றிக்கொண்டு தாண்டிவிடுகிறது. சக்கரத்தின் விட்டம் இரு மடங்கானால், அதே பள்ளத்தில் அது இறங்கும் ஆழம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். நம் கிராமத்து வண்டிக்கு ஆள் மார்பளவு சக்கரம் வைத்த தச்சருக்கு இந்தக் கணக்கு ஏட்டில் தெரியாது, கையில் தெரியும்.

1870-ல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி என்பவர் முன் சக்கரத்தை மிகப் பெரியதாகவும் பின் சக்கரத்தை மிகச் சிறியதாகவும் செய்து, மெல்லிய கம்பிகளை ஆரக்கால்களாக இழுத்துக் கட்டி, ஒரு சைக்கிளை வெளியிட்டார். பெடல் முன் சக்கரத்தின் அச்சிலேயே இருந்தபடியால், சக்கரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேகம். ஓட்டுகிறவனுடைய கால் நீளம்தான் சக்கரத்துக்கு எல்லை. ஆகவே அந்நாளில் சைக்கிள் வாங்கப் போனவன் செருப்புக்குப் பாதத்தை அளப்பதுபோல் சக்கரத்துக்குக் காலை அளந்துகொள்ள வேண்டியிருந்தது. ஐம்பது அங்குலம், ஐம்பத்திரண்டு அங்குலம் என்று அளவு சொல்லி வாங்கினார்கள். சுற்றிலும் கெட்டி ரப்பர் பட்டை.

அப்படிப்பட்ட ஐம்பது அங்குலச் சைக்கிளில்தான் தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் 1884-ல் ஸான்பிரான்ஸிஸ்கோவிலிருந்து கிளம்பி 1886-ல் யோகோஹாமா போய்ச் சேர்ந்தார். வழியில் லாகூரிலிருந்து கல்கத்தா வரை கிராண்ட் டிரங்க் ரோட்டில் ஓட்டி, நம் தேசத்து ஜனங்களுக்கு ஒரு வேடிக்கையும் காட்டிவிட்டுப் போனார்.

ஆனால் அந்த உயரமே ஆபத்தாயிற்று. ஓட்டுகிறவன் கிட்டத்தட்ட அச்சுக்கு நேர் மேலே உட்கார்ந்திருந்தான். சக்கரம் கல்லில் முட்டி நின்றால், மனிதன் மட்டும் நிற்காமல் தலைகுப்புறப் போய்க்கொண்டிருந்தான். கை முறிந்தவர்களும் கழுத்து முறிந்தவர்களும் உண்டு. 1885-ல் ஸ்டார்லியின் சகோதரன் மகன் ஜான் கெம்ப் ஸ்டார்லி, பின் சக்கரத்துக்குச் செயின் போட்டு, சக்கரங்களைச் சிறிதாக்கி, ‘ரோவர்’ என்ற சைக்கிளைக் கொண்டுவந்தார். விழுகிற பயம் போயிற்று. குலுக்கல் திரும்பி வந்தது. பத்திரம் வேண்டுமா, சௌகரியம் வேண்டுமா என்பதே அப்போது மனிதனுக்கு முன் நின்ற கேள்வி.

இரண்டையும் சேர்த்துக் கொடுத்தவர் ஒரு மாட்டு வைத்தியர். ஸ்காட்லாந்தில் பிறந்து அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் தொழில் செய்துவந்த ஜான் பாய்ட் டன்லப்பின் சிறு மகனுக்கு ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. கல் பாவிய தெருக்களில் ஓட்டினால் பையனுக்கு உடம்பெல்லாம் வலி. டன்லப் ஒரு வட்டமான மரப் பலகையை எடுத்தார். மெல்லிய ரப்பரில் குழாய் செய்து அதைச் சுற்றிப் பொருத்தினார். மேலே துணி சுற்றி ஆணியடித்தார். உள்ளே காற்றை அடைத்தார். முற்றத்தில் முதலில் பையனுடைய சைக்கிள் சக்கரத்தை உருட்டிவிட்டார். அது சற்றுத் தூரம் போய்ச் சாய்ந்துவிட்டது. பிறகு காற்றுச் சக்கரத்தை உருட்டினார். அது முற்றம் முழுவதும் ஓடி, கதவில் மோதித் திரும்பியது!

1888 பிப்ரவரியில் பையன் காற்றின் மேல் ஏறி ஓட்டினான். அதே வருஷம் டிசம்பரில் டன்லப்புக்குப் பேடண்ட் உரிமை கிடைத்தது. இரண்டு வருஷத்தில் அது செல்லாமலும் போய்விட்டது. காரணம், அந்த யோசனை ஏற்கெனவே ஒருவருக்கு உதித்திருந்தது. ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845-ல், இருபத்து மூன்றாம் வயதிலேயே, ‘ஆகாயச் சக்கரங்கள்’ என்று காற்று டயருக்குப் பேடண்ட் வாங்கியிருந்தார். 1847-ல் லண்டன் ரீஜண்ட் பூங்காவில் குதிரை வண்டிகளுக்கு அதை மாட்டி ஓட்டியும் காட்டினார். வண்டியை இழுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று அளந்து பார்த்தார். கரடுமுரடான பாதையில்தான் காற்று டயரின் லாபம் மிக அதிகம் என்று கண்டார். ஆனால் அப்போது சைக்கிளும் இல்லை, மோட்டாரும் இல்லை. ரப்பரோ விலை உயர்ந்த சரக்கு. உலகம் தயாராவதற்கு முன்பே வந்துவிட்ட விருந்தாளியைப்போல் அந்த டயர் வாசலிலேயே நின்று திரும்பிப் போய்விட்டது. தாம்ஸன் 1873-ல் காலமானார். பெயரும் புகழும் டன்லப்புக்கு வந்தன.

டன்லப் தேடியது சௌகரியம். ஆனால் உலகம் அந்த டயரை வாங்கியது சௌகரியத்துக்காக அல்ல. 1889 மே மாதம் பெல்பாஸ்டில் நடந்த பந்தயத்துக்கு வில்லி ஹ்யூம் என்ற வாலிபர் காற்று டயர் போட்ட சைக்கிளில் வந்தார். அந்தப் பருத்த டயரைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. பந்தயம் முடிந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஹ்யூம் வென்றார். அன்றிலிருந்து எல்லோருக்கும் காற்று டயர் வேண்டியதாயிற்று.

அப்போது பங்சர் ஆனால் பெருந்தொல்லை. டயரைச் சக்கரத்தோடு ஒட்டியிருப்பார்கள். அதே 1889-ல் பிரான்ஸில் மிஷெலின் சகோதரர்களின் பட்டறைக்கு ஓர் ஆங்கிலேயர் பங்சரான டயரோடு வந்து சேர்ந்தார். அதைப் பிரித்துச் சரிசெய்ய மூன்று மணி நேரம், பசை காய ஒரு ராத்திரி. மறுநாள் ஓட்டிப் பார்த்தபோது சற்று நேரத்தில் மறுபடியும் பங்சர்! ஆனால் அந்தச் சற்று நேரத்தில் எதுவார் மிஷெலின் காற்றின் சுகத்தை அறிந்துகொண்டுவிட்டார். கழற்றி மாட்டும் டயரை அவர்கள் செய்தார்கள். 1891-ல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில் சார்ல்ஸ் டெரோன் அந்த டயரைப் போட்டுக்கொண்டு எழுபத்திரண்டு மணிக்குள் ஓட்டி முதலாவதாக வந்தார்.

இந்தச் சுகத்துக்கு விலை கொடுத்தவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள். டயருக்கு ரப்பர் வேண்டும். பெல்ஜியத்து மன்னன் இரண்டாம் லியோபோல்டின் சொந்தச் சொத்தாக இருந்த காங்கோ நாட்டில், காட்டு ரப்பரைக் கொண்டுவரச் சொல்லிக் கிராமங்களைக் கொளுத்தினார்கள். மனிதர்களின் கைகளை வெட்டினார்கள். 1904-ல் ராஜர் கேஸ்மெண்டின் அறிக்கை அதை உலகத்துக்குச் சொல்லிற்று. 1908-ல்தான் காங்கோ அந்த மன்னனின் கையை விட்டுப் போயிற்று. இன்னொரு பக்கம், 1876-ல் பிரேஸிலிலிருந்து ஹென்றி விக்காம் கொண்டுவந்த ரப்பர் விதைகளின் சந்ததி இலங்கையிலும் மலாயாவிலும் தோட்டங்களாக வளர்ந்தது. அந்தத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் அழைத்துச் சென்றவர்கள் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் எழுந்து பால் மரம் வெட்டப் போன நம் தமிழ்ப் பெண்களும் ஆண்களும்தான். உலகம் குலுங்காமல் போக, அவர்கள் முதுகு வளைந்தது.

இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சௌகரியத்தை உலகம் என்ன செய்தது? பந்தயக்காரர்களின் நாகரிகத்தைப் பார்த்து டயரை வரவர ஒல்லியாக்கி, காற்றை வரவரக் கெட்டியாக அடித்து, மறுபடியும் எலும்பைக் குலுக்கிக்கொண்டது! பிரெஞ்சுக்காரர்களின் அளவு முறையில் இந்தக் கதை முழுவதும் ஒளிந்திருக்கிறது. 700 மில்லிமீட்டர் என்பது டயரோடு சேர்ந்த வெளி விட்டம். ஏ, பி, சி என்பவை பருமன். ஒல்லி டயருக்கு ஏ. பருத்த டயருக்கு சி. வெளி விட்டம் மாறாமல் இருக்க, பருத்த டயருக்கு ரிம் சிறிதாக இருக்க வேண்டும். ஆகவே ஏ ரிம் 642, பி ரிம் 635, சி ரிம் 622 மில்லிமீட்டர். பருத்த டயருக்காகவே பிறந்த அந்த சி ரிம்மில் பிற்காலத்தில் 23 மில்லிமீட்டர் ஒல்லி டயரை மாட்டிவிட்டு, பெயரை மட்டும் 700-சி என்றே வைத்துக்கொண்டார்கள். குண்டனுக்குத் தைத்த சட்டையை ஒல்லியன் போட்டுக்கொண்ட மாதிரிதான்!

பி ரிம் நமக்கு அந்நியமல்ல. நம் ஊரில் பால்காரர்களும் தபால்காரர்களும் ஓட்டிய கறுப்புச் சைக்கிளின் 28 × 1½ டயர் உட்காருவது அந்த 635 மில்லிமீட்டர் ரிம்மில்தான். பெரிய சக்கரம், பருத்த டயர், மிதமான காற்று. பின்னால் ஒரு மூட்டை, முன்னால் ஒரு குழந்தை என்று மண் பாதையில் அது போன போக்கைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

பருத்த டயர் ஏன் சுகம்? டயருக்குள் உள்ள காற்றின் அழுத்தம்தான் பாரத்தைத் தாங்குகிறது. ஒரு சக்கரத்தின் மேல் 45 கிலோ இறங்குகிறது. காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ என்றால், டயர் தரையில் சுமார் 15 சதுர சென்டிமீட்டர் பதிய வேண்டும். ஒல்லி டயர் அவ்வளவு பதிவதற்குள் ரிம் தரையைத் தொடும் அளவுக்கு அமுங்கிவிடும்; அதனால் காற்றை இரண்டு பங்காக அடிக்க வேண்டியிருக்கிறது. பருத்த டயர் சிறிது அமுங்கியே அவ்வளவும் பதிந்துவிடும். அதற்குமேல் கல்லையும் பள்ளத்தையும் விழுங்க வயிற்றில் இடம் மிச்சம் இருக்கும்.

வேகம் குறையுமே என்பார்கள். வழவழப்பான இரும்பு உருளையில் சோதித்தால் கெட்டி டயர் முந்துவது வாஸ்தவம். ஆனால் நாம் ஓட்டுவது உருளையின் மேல் அல்லவே! நிஜமான ரஸ்தாவில் ஒவ்வொரு குலுக்கலும் ஓட்டுகிறவனின் சதையில் கரைந்து அவன் பலத்தைத் தின்கிறது. 2010-க்குப் பிறகு பெரும் பந்தயக்காரர்களே 23-ஐ விட்டு 25, 28 மில்லிமீட்டர் என்று பருத்த டயருக்குத் திரும்பினார்கள். 1847-ல் தாம்ஸன் பூங்காவில் அளந்து சொன்னதை ஒப்புக்கொள்ள இத்தனை காலம் வேண்டியிருந்தது.

ஆகவே பெரிய சக்கரச் சைக்கிள் வைத்திருக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. போர்க்கிலும் மட்கார்டிலும் உரசாமல் எவ்வளவு பருத்த டயர் நுழையுமோ, அதைப் போடுங்கள். ரிம்மின் அளவு பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இருபத்தெட்டு என்று எழுதியதெல்லாம் ஒன்றல்ல. நீங்கள் ஏறி உட்கார்ந்தால் டயர் தன் உயரத்தில் ஏழில் ஒரு பங்கு அமுங்கும்படி காற்று இருக்கட்டும். பாரம் பின்னால்தான் அதிகம். எனவே முன் டயருக்குக் கொஞ்சம் குறைவாகவே அடியுங்கள். கடைப் பையன் கல்லைப்போல் அடித்துவிட்டு, “கின்னுனு இருக்கு சார்!” என்று சந்தோஷப்பட்டால், வால்டியூபைச் சற்றுத் தளர்த்திக் கொஞ்சம் காற்றை வெளியே விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.