மே மாதத்து மாணவர்கள்

கோடை விடுமுறையில் யாராவது கல்லூரிக்குப் போவார்களா என்று பேத்தி கேட்கிறாள். எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கம் டீச்சர்கள்தான் போனோம். ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு விழும். விடைத்தாள் திருத்தி முடிப்பதற்குள் அக்கினி நட்சத்திரம் பிறந்துவிடும். அப்போதுதான் அஞ்சல் வழி எம்.ஏ.க்கான கான்டாக்ட் கிளாஸ். ஏற்காட்டு மலை கண்ணெதிரே நிற்கும். அங்கிருக்கும் குளிர் அடிவாரத்துக்கு இறங்கி வராது. சோற்று டப்பாவோடு டவுன் பஸ் ஏறி, சேலத்துக்குள் யாரோ பிள்ளைகள் காலி செய்துவிட்டுப் போன வகுப்பறையில் போய் உட்காருவோம்.

இது படிப்பு ஆசையால் மட்டும் வந்த பழக்கம் இல்லை. 1969 ஜனவரியில் வந்த அரசாணை எண் 42, கூடுதல் தகுதி பெறும் ஆசிரியருக்கு ஊக்க ஊதியம் கொடுத்தது. பட்டதாரி ஆசிரியர் எம்.ஏ. முடித்தால் ஒன்று, எம்.எட். முடித்தால் இன்னொன்று, ஒவ்வொன்றும் இரண்டு இன்கிரிமென்ட். ஆனால் வேலையை விட்டுவிட்டு யார் கல்லூரியில் சேர முடியும்? 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியது, 1979-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். பணத்துக்கு ஆணை, படிப்புக்குத் தபால், வகுப்புக்கு மே மாதம்! மூன்றும் பொருந்திய பிறகு ஆசிரியர் குடும்பங்களில் கோடை என்றால் கான்டாக்ட் கிளாஸ்தான்.

ஒரே நாள் காலைக்குள் தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரம் முழுவதையும் நடத்தி முடிப்பார் விரிவுரையாளர். எங்களில் பாதிப்பேரைவிட அவர் வயதில் சின்னவர். கடைசி பெஞ்சில் தலைமையாசிரியர் ஒருவர் கதை பேசிக்கொண்டிருப்பார். தன் பள்ளியில் அதற்குப் பெஞ்சு மேல் ஏற்றுகிறவர். கைக்குழந்தைக்காரிகள் அம்மாவையும் கூட்டி வருவார்கள், வேப்பமரத்தடியில் தூளி கட்டியிருக்கும். இடைவேளையில் மல்கோவா நறுக்கிப் பங்கு போடுவோம். அங்கே படித்ததைவிட, எந்த ஊரில் பணியிடம் காலி, மாறுதல் கலந்தாய்வு எப்போது என்று தெரிந்துகொண்டதே அதிகம். 2001, 2006 இரண்டு முறையும் சட்டமன்றத் தேர்தல் மே மாதத்தில் வந்தது. ஒரு கையில் பாடக்கட்டு, மறு கையில் தேர்தல் பயிற்சிக் கடிதம்.

எங்களுக்கு முன்பே கோடையில் படிக்கப் போனவர்களும் வாத்தியார்கள்தான். அமெரிக்காவின் ஹார்வர்டில் 1871-இல் கோடைப் படிப்பு தொடங்கியபோது, தாவரவியல் அறிஞர் ஏசா கிரே பாடம் நடத்தியது பள்ளி ஆசிரியர்களுக்கு. நம் நாட்டில் 1963 முதல் அறிவியல், கணித ஆசிரியர்களுக்குக் கோடைப் பயிற்சி நிலையங்கள் நடந்தன. விடுமுறை என்று ஒன்று கிடைப்பதே இந்தத் தொழிலில்தானே. அதையும் படிப்புக்கே எழுதிக் கொடுத்தோம் என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. மாமியார் வீட்டில் மே மாதம் முழுக்க வடகம் பிழிவதைவிடத் தொல்காப்பியம் எனக்குப் பிடித்திருந்தது.

2020 மார்ச் 10 அன்று வந்த அரசாணை எண் 37, உயர்கல்விக்கான முன் ஊதிய உயர்வை நிறுத்தியது. எம்.ஏ. படிக்கட்டுமா என்று என்னிடம் கேட்கும் இளம் டீச்சர்கள் இப்போது குறைவு. கேட்பவர்களும், "இன்கிரிமென்ட் இல்லைங்களே டீச்சர், எதுக்கு?" என்கிறார்கள். நான் என்ன சொல்ல? அதற்கு முன்பே பெற்றவர்களுக்கு அந்த ஆணையால் குறைவில்லை. என் ஓய்வூதியக் கணக்கில் அந்த இன்கிரிமென்ட்கள் அப்படியே இருக்கின்றன.