தங்கவயல் லைன்களில் தோன்றிய சங்கம்

சமுதாய வளர்ச்சி என்னும் சொற்றொடர் இன்று எல்லார்க்கும் பழக்கமானது. 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் மத்திய அரசாங்கம் கிராமங்களுக்கென வகுத்த திட்டம் இப்பெயரோடு தொடங்கிற்று. அதன்பின் அரசாங்க ஏடுகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் இச்சொல் நிலைபெற்றது. ஆயினும், பெயர் தோன்றுமுன்பே பொருள் தோன்றிவிடுவது உலகியற்கை. தம் தெருவைத் தாமே திருத்த முற்பட்ட ஏழைத் தொழிலாளர் கூட்டம் ஒன்றை, அத்திட்டத்திற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்னரே கோலார் தங்கவயலில் நாம் காண்கிறோம்.

அந்தக் கூட்டத்தின் இயல்பை அறிய வேண்டுமானால், முதலில் அவ்வூரின் இயல்பை அறிதல் வேண்டும். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்குச் சுரங்கப் பணியை மேற்கொண்டனர். 1902ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் தங்கவயலுக்கு வந்து சேர்ந்தது. இந்தியாவின் பல பெருநகரங்கள் மின்விளக்கைக் காணாத காலம் அது. ஆனால் பூமிக்கு அடியிலே பாறையை உடைத்தவர்களின் குடியிருப்போ மூங்கில் தட்டிகளால் அமைந்த குடிசை வரிசைகளே. அவற்றை மக்கள் 'லைன்' என்று அழைத்தனர். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த அம்மக்களுள் பெரும்பாலோர் ஆதிதிராவிடர். வேலை கம்பெனியுடையது, நிலம் கம்பெனியுடையது, குடிசையும் கம்பெனியுடையது. அவர்களுக்கே உரியதென்று சொல்லத்தக்கது அண்டை அயலாரின் உறவு ஒன்றுதான்.

அந்த உறவின் மீதே சங்கம் எழுந்தது. பண்டித அயோத்திதாசர் 1898ஆம் ஆண்டில் இலங்கை சென்று பௌத்தம் தழுவி, சென்னையில் சாக்கைய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழையும் தொடங்கினார். இதழ் தங்கவயலை எட்டியது. கருத்தும் உடன் எட்டியது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பகுதியிலேயே மாரிக்குப்பத்திலும், பின்னர்ச் சாம்பியன் ரீப்ஸ் பகுதியிலும் சங்கங்கள் அமைந்தன. எம். ஒய். முருகேசர், இ. குருசாமியார், ஜி. அப்பாதுரையார் முதலியோர் அவற்றிற்குத் துணைநின்றனர்.

சமயத்தின் பெயரால் அமைந்த சங்கமாயினும், அதன் பணி வழிபாட்டோடு நின்றுவிடவில்லை. சாதி இழிவை மறுத்தல், கல்வியைப் பரப்புதல், மது முதலிய தீமைகளை விலக்குதல், திருமணத்தையும் ஈமச் சடங்கையும் தம்மவரைக் கொண்டே நடத்துதல் ஆகியவை அதன் குறிக்கோள்களாயின. எழுத்தறிந்த ஒருவர் படிக்க, அறியாத பலர் கேட்டுணர்ந்தனர். பிறர் ஏவலுக்கு உட்பட்டே நாளைக் கழித்த மனிதன், இங்கே எழுந்து நின்று தன் கருத்தைச் சொன்னான். ஊதியத்தில் ஒரு காசுகூட உயராதிருக்கலாம். ஆனால் தலை நிமிர்ந்தது. வளர்ச்சி என்பதற்கு இதனினும் சிறந்த தொடக்கம் வேறென்ன வேண்டும்?

மேலைநாடுகளிலும் இத்தகைய முயற்சிகள் அக்காலத்தில் நிகழ்ந்தன. லண்டன் நகரின் கிழக்குப் பகுதியில் 1884ஆம் ஆண்டில் டாயின்பீ மன்றமும், அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1889ஆம் ஆண்டில் ஜேன் ஆடம்ஸ் அம்மையார் தம் தோழியுடன் அமைத்த ஹல் இல்லமும் புகழ் பெற்றவை. அங்கே கற்றவர்களும் வசதி படைத்தவர்களும் ஏழைகளின் தெருவிற் குடியேறித் தொண்டு செய்தனர். தங்கவயலிலோ, தொண்டு செய்தவரும் அதைப் பெற்றவரும் ஒரே லைனில் வாழ்ந்தவர். இவ்வேற்றுமை சிறிதன்று. வெளியிலிருந்து வருபவர் முதலில் நம்பிக்கையைப் பெற வேண்டும்; உள்ளிருந்து எழுபவரிடம் அது முன்னரே இருக்கிறது.

இந்த வலிமைக்கு ஒரு சான்று கூறுவோம். 1914ஆம் ஆண்டில் அயோத்திதாசர் மறைந்தார். அவர் மகனார் பட்டாபிராமன் இதழைச் சிறிது காலம் நடத்தினார். பின்னர் அது நின்றது. சென்னையில் அணைந்த அவ்விளக்கு மீண்டும் ஏற்றப்பட்டது எங்கே? 1926ஆம் ஆண்டில், தங்கவயலில். அப்பாதுரையார் ஆசிரியராக விளங்க, 'தமிழன்' மறுபிறவி எடுத்தது. சாம்பியன் ரீப்ஸ் சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பியது. தலைமையிடம் தளர்ந்தபோது கிளை தாங்கிற்று. ஆலமரத்தை விழுது தாங்குவது போல.

எனினும், வலிமையை மட்டும் எடுத்துரைத்து நிறுத்துவது வரலாறு ஆகாது. லைனுக்குள்ளே தழைத்த சங்கம், லைனைத் தாண்டி வளர்வதில் இடர்ப்பட்டது. பஜனைக் கூடமும் மாதா கோயிலும் பிற மக்களைத் தத்தமக்கே சேர்த்துக்கொண்டன. எல்லாரையும் ஒரு கூரையின்கீழ்க் கொணர்வது எளிதாயில்லை. ஆசிரியராகவும் பேச்சாளராகவும் பொருள் திரட்டுபவராகவும் ஒரு சிலரே உழைத்தமையால், அவர்கள் ஓய்ந்தபோது பணியும் ஓய்ந்தது. 1930களின் இடைப்பகுதியில் 'தமிழன்' இரண்டாம் முறையும் நின்றது.

காலமும் புதிய தேவைகளைக் கொணர்ந்தது. 1930ஆம் ஆண்டில், தொழிலாளர் பெருவிரல் ரேகையைப் பதிவு செய்தல் வேண்டும் என்ற ஏற்பாட்டை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் மூன்று வாரங்கள் வேலையை நிறுத்தினர். முறையான தொழிற்சங்கம் அன்று அங்கு இல்லை. லைன்களில் வளர்ந்திருந்த ஒற்றுமையே அவர்களைப் பிணைத்தது என்று கருத இடமுண்டு. 1940களில் தொழிற்சங்கங்கள் தோன்றின. ஊதியமும் உரிமையும் பற்றிய போராட்டம் இளைஞரின் உள்ளத்தைக் கவர்ந்தது. பழைய சங்கம் விதைத்த தன்மதிப்பை அறுவடை செய்தவை புதிய சங்கங்களே. ஓர் அமைப்பின் வெற்றியே அதன் இடத்தைச் சுருக்கிவிடுவதும் உண்டு.

யாவற்றினும் பெரிய இடர் வேறொன்று. சங்கத்தின் சந்தா சுரங்கக் கூலியிலிருந்து வந்தது. உறுப்பினரின் வீடு சுரங்கத்தின் நிலத்தில் நின்றது. 1956ஆம் ஆண்டில் மைசூர் அரசாங்கம் சுரங்கங்களை ஏற்றது. 1962ஆம் ஆண்டில் அவை மத்திய அரசாங்கத்தின் பொறுப்பாயின. 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டன. ஏறத்தாழ 800 டன் பொன்னை ஈந்த பூமியில், பொன்னை எடுத்தவர்களின் வழியினர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லலாயினர். மாலையில் கூடிப் பேச, மாலையில் ஊரில் இருத்தல் வேண்டுமன்றோ? தெருவின் உறவை ஆதாரமாகக் கொண்ட அமைப்பு, தெருவே தளரும்போது எதைப் பற்றி நிற்கும்?

ஆகவே, இவ்வரலாறு இன்றைய தெருச் சங்கங்கட்கு இரண்டு செய்திகளை ஒருங்கே சொல்கிறது. மக்கள் தாமே தொடங்கிய பணிக்கு உயிர் உண்டு. ஆனால் அவ்வுயிர் நீடிக்க வேண்டுமானால், ஒரே தொழிலை நம்பாத நிதியும், சொந்தமான ஓர் இடமும், அடுத்த தலைமுறையைப் பழக்கும் ஏற்பாடும், அடுத்த தெருவாரை அழைக்கும் மனமும் வேண்டும்.

1999ஆம் ஆண்டில் பாளையங்கோட்டையிலிருந்து அயோத்திதாசரின் சிந்தனைகள் தொகுப்பு நூல்களாக வெளிவரத் தொடங்கின. பழைய 'தமிழன்' இதழ்களை அரிய பொருளாகக் காத்து வைத்திருந்த அன்பர்களாலேயே அது இயன்றது. சுரங்கத்தின் பொன் எங்கெங்கோ சென்றுவிட்டது. கூலியில் மிச்சம்பிடித்த காசால் அச்சேறிய எழுத்து நம்மிடம் எஞ்சியிருக்கிறது.